தக்கை வைத்த ஒன்று எழுபத்திரண்டு

லாமேலா ஊரில் ஆர்லிந்தோவின் உயரம் ஒரு மீட்டர் எழுபத்திரண்டு சென்டிமீட்டர். இதை அரசாங்கமே சொல்லி, அவனுடைய அடையாள அட்டையில் அச்சடித்தும் கொடுத்திருக்கிறது. யாராவது சந்தேகமாக ஒரு பார்வை பார்த்தால் போதும், சட்டைப் பையிலிருந்து அட்டையை உருவி அவர்கள் மூக்குக்கு நேராக நீட்டிவிடுவான். அட்டை பொய் சொல்லுமா? சொல்லாது. ஆர்லிந்தோ சொல்வான்.

நடந்தது இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் அவன் ஊர் நடனக் குழுவில் ஆடிக்கொண்டிருந்தான். ஒரு நாள் ஒத்திகை முடிந்த கையோடு, ஆட்ட உடுப்பைக்கூட மாற்றாமல் அட்டை எடுக்கப் போய்விட்டான். காலில் ஆட்டத்துக்குப் போடும் மரக்கட்டைச் செருப்பு. அதன் அடிக்கட்டையே மூன்று விரல் கனம். அளக்கும் கம்பத்தின் முன்னால் நின்றவன் சும்மா நின்றானா? நெஞ்சை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்து, குதிகாலை லேசாகத் தூக்கி எக்கி வேறு நின்றான். அன்று வந்த எண்தான் எழுபத்திரண்டு. எண் வந்துவிட்டது, இனி அந்த எண்ணுக்கு ஏற்ற ஆள்தான் வேண்டும். ஆளைச் செய்ய ஷூவுக்குள் தக்கை வைத்தான். தக்கை மரம் காடுகாடாக வளரும் இந்த நாட்டில் தக்கைக்கா பஞ்சம்!

பிழைப்பும் அவனுக்குத் தோதாக அமைந்தது. விடியலில் ரொட்டி வண்டியை ஓட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், வீட்டுக் கதவுகளில் தொங்கும் துணிப் பைகளில் ரொட்டி போடுவான். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவன் எவனும் குள்ளனில்லை. கடற்கரைக்குப் போனால் மணல் மேடாக இருக்கும் பக்கம் பார்த்து நிற்பான். புகைப்படம் எடுத்தால் படிக்கட்டில் நிற்பான்.

இதற்கெல்லாம் மேலாக மாதா சப்பரம் இருந்தது. ஆகஸ்ட் திருவிழாவில் மாதாவைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுவது எட்டுப் பேர். உயரம் ஒத்து வராவிட்டால் மாதா ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவாள் என்பதால், ஒன்று எழுபதுக்குக் கீழே எவனும் சப்பரக் கம்புக்கு அடியில் தோளைக் கொண்டுபோகக் கூடாது என்பது ஊர்க் கட்டு. ஆர்லிந்தோ முன்வரிசை இடது பக்கம். வலது பக்கம் கசாப்புக் கடை செஃபெரினோ. இவன் நிஜமாகவே ஒன்று எழுபத்து நாலு, அதைவிட நாக்கு நீளம். ஒவ்வொரு வருடமும் சப்பரத்தை இறக்கியதும், "என்னப்பா ஆர்லிந்தோ, இந்த வருஷமும் மாதா உன் பக்கமே போறேங்குறா? உன் மேல அப்படி என்ன பிரியம்?" என்பான். ஆர்லிந்தோவின் கை சட்டைப் பைக்குப் போகும்.

கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாமல் இருக்குமா? செலியாவுக்குத் தெரியும். அவள் வெறுங்காலோடு நின்றால் அவனைவிட இரண்டு விரல் உயரம். பக்கத்து ஊர் ஷூ தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். கூத்து என்னவென்றால், தக்கையை அவன் பாத அளவுக்கு அழகாகச் சரித்து வெட்டி, ஓரம் தேய்த்து, மூன்று அடுக்காக ஒட்டிக் கொடுப்பதே அவள்தான். "பைத்தியம் புடிச்சா இப்படிப்பட்ட பைத்தியம் புடிக்கணும். குடிக்கல, சூதாடல, தக்கை வைக்கிறான். இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டிருந்தாள்.

தெரியாதவன் மகன் காஸ்பர் மட்டும்தான். பிள்ளைகள் அப்பாவை அளந்து பார்ப்பதில்லை. பதிமூன்று வயது, ஒரு மீட்டர் ஐம்பத்தொன்று. ஊர்க் கால்பந்துக் குழுவில் வரிசையில் நிற்கச் சொன்னால் கடைசி ஆள். ஆனால் மேலுதட்டில் நிழல் விழுந்துவிட்டது, குரல் உடைந்து தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் ஆகிவிட்டது. "இன்னும் நீ வளரவே ஆரம்பிக்கலடா. நானெல்லாம் பதினேழு வயசுலதான் சட்டுனு வளர்ந்தேன். அப்பன் எழுபத்திரண்டுன்னா புள்ள எண்பது. பொறு" என்று ஆர்லிந்தோ அவனைத் தேற்றிக்கொண்டே இருப்பான். பையனும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுக் காத்திருந்தான். கோடு மேல் கோடு விழுந்து அந்த இடமே கறுத்துப் போயிருந்தது.

அந்த ஜூன் மாதம்தான் பிராகா நகரத்திலிருந்து பெனெதித்தா டாக்டரம்மா வந்து சேர்ந்தாள். பல்கலைக்கழகத்தில் விளையாட்டுப் பிள்ளைகளின் உடம்பைப் படிப்பவள். ஆறு ஊர்க் குழுக்களைச் சேர்த்து ஒரு புது மாதிரிப் போட்டி நடத்தப்போவதாகச் சொன்னாள். குழுவின் பயிற்சியாளர் (அவரை எல்லோரும் மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், நிஜப் பெயர் அவர் பெண்டாட்டிக்கே மறந்திருக்கும்) பெற்றோர்களைக் கூட்டி உட்காரவைத்தார்.

"ஒரே வயசுப் பசங்கதான், ஆனா பாருங்க, ஒருத்தன் ஆம்பளையா நிக்கிறான், ஒருத்தன் கொழந்தையா நிக்கிறான்" என்றாள் டாக்டரம்மா. "வயசை வச்சு ஆட விட்டா சின்னவன் நசுங்கிப்போறான், பெரியவன் ஆட்டம் கத்துக்காம உடம்பை வச்சே ஓட்டிடுறான். அதனால, ஒவ்வொருத்தனும் முழுசா வளர்ந்தா எவ்வளவு இருப்பான், அதுல இப்ப எத்தனை பங்கு வந்திருக்கான்னு பார்த்து அதை வச்சுப் பிரிக்கப்போறோம். தொண்ணூறு சதவீதத்துக்குக் கீழ ஒரு அணி, மேல ஒரு அணி. அதுக்குப் பையனோட உயரம், எடை, வயசு வேணும். அப்பா அம்மா உயரமும் வேணும். ஷூவைக் கழட்டிட்டு வாங்க, அளந்துடலாம்."

ஆர்லிந்தோ காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். சுற்றிலும் பார்த்தான். இரண்டு நாற்காலி தள்ளி செஃபெரினோ ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"டாக்டரம்மா," என்று எழுந்தான், "அரசாங்கம் அளந்து முத்திரை குத்தினதை நீங்க திரும்ப அளக்கணுமா? அப்ப அரசாங்கத்துக்கு என்ன மரியாதை?"

அட்டையை நீட்டினான். வரிசை நீளமாக இருந்தது, அவளும் களைத்திருந்தாள். எழுபத்திரண்டு என்று குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். வெற்றி வீரனாக வீட்டுக்கு வந்தான் ஆர்லிந்தோ. அன்று செலியா தொழிற்சாலையில் இருந்தாள். தன் உயரத்தை வேலை இடைவேளையில் டாக்டரம்மாவுக்குப் போனில் சொன்னாள், உள்ளதை உள்ளபடி.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக் கதவு சுவரில் மோதும்படி திறந்தது.

"என்னைப் பால்பல்லுல போட்டுட்டாங்க!"

அணிகளுக்குப் பசங்களே பெயர் வைத்துவிட்டார்கள். தொண்ணூறுக்கு மேலே உள்ளது சவரக்கத்தி அணி. கீழே உள்ளது பால்பல் அணி. காஸ்பருக்கு எண்பத்தொன்பது சொச்சம் வந்திருந்தது.

"என் வகுப்புல எல்லாரும் சவரக்கத்தி. நான் மட்டும் பால்பல். அதுல பதினொரு வயசுப் பசங்கல்லாம் இருக்காங்க! ஞாயித்துக்கிழமை பிராகா கிளப்லேர்ந்து ஆள் எடுக்க வர்றாங்க, அவங்க சவரக்கத்தி ஆட்டத்தைத்தான் பார்ப்பாங்க. எனக்கு மீசை வந்துடுச்சுப்பா!"

"அது மீசைன்னு யாருடா சொன்னது?" என்று சிரித்துப் பார்த்தான் ஆர்லிந்தோ. பையன் சிரிக்கவில்லை. உடைந்த குரலில் அழுதான். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் பதில் குரைத்தது. "நீங்க உயரமா இருக்கீங்கல்ல, அதனால எனக்கு இன்னும் நெறைய வளர்ச்சி பாக்கி இருக்காம். டாக்டரம்மா சொன்னாங்க" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே அறைக்குள் போய்விட்டான்.

செலியா அடுப்பில் கீரை சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே பேசினாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ஊருக்குத் தக்கை வைய்யி, நான் வெட்டித் தர்றேன். மாதாவுக்குத் தக்கை வைய்யி, அவ பொறுத்துப்பா. புள்ள காலுக்குக் கீழேயும் வச்சிட்டியேய்யா!"

"நான் என்ன வேணும்னேவா..."

"நாளைக்கே போய் அளந்துட்டு வா. இல்லன்னா இனிமே என் கையால ஒரு தக்கை வெட்ட மாட்டேன்."

"செஃபெரினோ இருப்பான்டி அங்க! சப்பரத்துலேர்ந்து தூக்கிருவாங்க. அப்புறம் நான் எப்படி ஊர்ல தலைநிமிர்ந்து நடக்கிறது?"

"நிமிர்ந்தாலும் அதே உயரம்தான்" என்று சொல்லி அவள் சூப்பை இறக்கினாள்.

மறுநாள் மைதானத்தில் மூச்சு சோதனை. இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு. ஒலிபெருக்கி 'பீப்' என்றால் ஓட வேண்டும், அடுத்த 'பீப்'புக்குள் மறு கோட்டைத் தொட வேண்டும். போகப்போக 'பீப்' அவசரப்படும், பசங்கள் ஒவ்வொருவராக விழுவார்கள். ஆர்லிந்தோ ரொட்டி வண்டியை வேலியோரம் நிறுத்தி, உள்ளே இருந்தபடியே பார்த்தான்.

முதலில் பால்பல் பொடியன்கள் உதிர்ந்தார்கள். ஒருவன் பாதியில் ஷூ நாடா கட்ட உட்கார்ந்தவன், அப்படியே வண்ணத்துப்பூச்சி பார்க்கப் போய்விட்டான். பிறகு சவரக்கத்திகள். செஃபெரினோவின் மகன் ஈவோ, பதிமூன்று வயதில் தாடி வைத்த மலை, 'பீப்'பைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு குப்புற விழுந்தான். எல்லோரும் புல்லில் கிடந்தார்கள். காஸ்பர் ஓடிக்கொண்டே இருந்தான். முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது, கண்ணில் தண்ணீர். கோபத்தில்தான் ஓடினான் அவன். கடைசியில் மிஸ்டர் போய் ஒலிபெருக்கியை நிறுத்தினார்.

டாக்டரம்மா திரையைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள், அவன் கெண்டைக்காலைப் பார்த்தாள், மேலுதட்டைப் பார்த்தாள். பிறகு நேராக ரொட்டி வண்டிக்கு வந்தாள்.

"இந்தப் பையன் வளர்ச்சியில பின்தங்கினவன்னு கணக்கு சொல்லுது. ஆனா கால், குரல், ஓடுற தெம்பு எதுவுமே அப்படிச் சொல்லல. எங்கயோ ஒரு எண் தப்பு. சார், தப்பா எடுத்துக்காதீங்க, உங்களை மட்டும் ஒரு தடவை அளந்துடலாமா? ஷூவைக் கழட்டிட்டு."

அதற்குள் செஃபெரினோ பின்னால் வந்து நின்றுவிட்டான். வம்பை மோப்பம் பிடித்தே வருவான் போலிருக்கிறது.

பொய் சொல்பவனுக்கு வாய் முந்தும், புத்தி பிந்தும். "ஷூ கழட்ட முடியாது" என்றான் ஆர்லிந்தோ. "மாதாவுக்கு நேர்ந்துகிட்டிருக்கேன். திருவிழா முடியிற வரைக்கும் ஷூவைக் கழட்டுறதில்லன்னு நேர்த்திக்கடன்."

டாக்டரம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. "ராத்திரியுமா?"

"ராத்திரியும்."

"குளிக்கிறப்போ?"

"அதெல்லாம் எனக்கும் மாதாவுக்கும் உள்ள விஷயம்."

செஃபெரினோ தாடையைச் சொறிந்தான். "முழங்கால்ல நடக்கிறேன்னு நேர்ந்தவனைப் பார்த்திருக்கேன். வெறுங்கால்ல நடக்கிறேன்னு நேர்ந்தவனைப் பார்த்திருக்கேன். ஷூ போட்டுக்கிட்டே நடக்கிறேன்னு நேர்ந்தவனை இப்பத்தான் பார்க்கிறேன். இரு, நம்ம பங்குச் சாமிக்கிட்ட சொல்றேன். ரொம்ப சந்தோசப்படுவாரு."

ஆர்லிந்தோ வண்டியைக் கிளப்பினான். பாதி வழியில்தான் ஹார்ன் மேல் கை அழுத்தியபடியே இருப்பது தெரிந்தது.

சனிக்கிழமை பால்பல் ஆட்டம். பந்து பட்டு முன்பல் இரண்டும் போன ஒரு பொடியன் காஸ்பரை அண்ணாந்து பார்த்து, "மாமா, நீங்க யாரோட அப்பா?" என்று கேட்டான். ஆட்டம் தொடங்கிய சூட்டில் காஸ்பர் ஒரு கோல் அடித்தான். கைதட்ட ஆளில்லை. இரண்டாவது அடித்ததும் எதிர் ஊர்த் தாய்மார்கள் கூச்சல் போட்டார்கள். "ஏம்ப்பா, வெக்கமா இல்ல? வீட்டுல பொண்டாட்டி புள்ள தேட மாட்டாங்க?" மூன்றாவது கோலில் எதிரணிக் கோல்காப்பாளன் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டான். காஸ்பர் போய் அவன் கண்ணைத் துடைத்து, மூக்கைத் துடைத்து, கையுறையைச் சரியாக மாட்டிவிட்டான். அதற்குப் பிறகு அவன் கோல் பக்கமே போகவில்லை. நடுவில் நின்றுகொண்டு, வந்த பந்தையெல்லாம் பொடியன்களுக்கே தள்ளிவிட்டான், ஆட்டம் முடிகிற வரை நாலு பேருக்கு ஷூ நாடா கட்டினான்.

முடிந்ததும் அப்பாவிடம் வந்தான். டாக்டரம்மா ஏதோ எண் தப்பு என்று பேசியது அவன் காதிலும் விழுந்திருந்தது.

"அப்பா, நீங்க எவ்ளோ உயரம்?"

சொல்லிவிடலாம் என்று ஆர்லிந்தோ வாயைத் திறந்தான். பதினைந்து வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. "ஒன்னு எழுபத்திரண்டு."

"சரி. அப்ப நாளைக்கும் நான் இங்கதான்" என்றான் காஸ்பர். குறை சொல்கிற தொனியே இல்லை. அதுதான் ஆர்லிந்தோவைக் கொன்றது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. செலியா அவன் தட்டை மட்டும் சத்தமாகக் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே மைதானத்துக்கு வந்துவிட்டது. பன்றிக்கறி ரொட்டிக் கடைப் புகை, பீர், குழந்தைகள், நாய்கள். வேலியோரம் தொப்பி போட்ட ஒரு ஆள் தனியாக மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிராகா கிளப்பிலிருந்து ஆள் எடுக்க வந்தவர் அவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் தெரியாததுபோல அவருக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

பங்குச் சாமி அன்செல்மோ ஒரு கையில் கறி ரொட்டியும் மறு கையில் கைக்குட்டையுமாக ஆர்லிந்தோவை நோக்கி வந்தார். பின்னாலேயே செஃபெரினோ. அவனுக்குப் பின்னால் பாதி ஊர்.

"மகனே," என்றார் சாமி, கண்கலங்கி, "உன் நேர்த்திக்கடனைப் பத்திக் கேள்விப்பட்டேன். இந்த ஜூன் வெயில்ல, ராப்பகலா ஷூவோட! இருபது வருஷமா சாமியாரா இருக்கேன், இப்படி ஒரு கடனை நான் கேட்டதில்ல."

"சின்ன விஷயம் சாமி."

"சின்ன விஷயமா? கால் என்னத்துக்கு ஆகும்! அதுவும் இதனால பையன் காரியம் தடைபட்டு நிக்குதாமே. மாதாவும் ஒரு புள்ளைக்குத் தாய். அவளுக்கு வேணுமா இது? கவலைப்படாத. நேர்த்திக்கடன்லேர்ந்து விடுதலை குடுக்கிற அதிகாரம் பங்குச் சாமிக்கு உண்டு."

ஆர்லிந்தோ ஓரடி பின்வாங்கினான். "வேணாம் சாமி, கடன் கடன்தானே..."

"அட, மண்டி போடு சொல்றேன்."

கறி ரொட்டியைச் செஃபெரினோ கையில் கொடுத்துவிட்டு, சாமி ஆர்லிந்தோவின் தலையில் கை வைத்து முணுமுணுத்து, காற்றில் சிலுவை போட்டார். ஊர் ஆமென் சொல்லிற்று. "விட்டாச்சு! இப்ப ஷூவைக் கழட்டு" என்றார் சாமி, ஒரு பெரிய நல்ல காரியம் செய்த மகிழ்ச்சியோடு. இருபதடி தள்ளி டாக்டரம்மா அளக்கும் கம்பத்தோடு தயாராக நின்றாள்.

ஓடிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தான் ஆர்லிந்தோ. பார்த்த திசையில் பால்பல் அணி வரிசையாக நின்றுகொண்டிருந்தது. பல் இல்லாத பொடியன் காஸ்பரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். காஸ்பர் சவரக்கத்திகள் பந்தை உதைத்துப் பழகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சோறு பரிமாறும் வீட்டு வாசலில் பசியோடு நிற்கிற பிள்ளையின் பார்வை.

"சனியன், போகட்டும்" என்று வாய்விட்டே சொன்னான் ஆர்லிந்தோ. சாமி இருக்கிறார் என்பதுகூட மறந்துபோயிற்று. புல்லில் உட்கார்ந்து இரண்டு ஷூவையும் இழுத்துக் கழற்றினான்.

தக்கை இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்து விழுந்தன. மூன்று அடுக்கு, ஓரம் தேய்த்த நல்ல வேலை. முதலில் அசைந்தது பக்கத்து வீட்டு நாய்தான். இடது தக்கையை லபக்கென்று கவ்விக்கொண்டு பெனால்டி கோட்டைத் தாண்டி ஓடிவிட்டது. அதோடு ஊருக்குச் சிரிப்பு உடைத்துக்கொண்டது. சாமி கைக்குட்டையை வாயில் அமுக்கிக்கொண்டார். "பதினஞ்சு வருஷம்!" என்று செஃபெரினோ தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "பதினஞ்சு வருஷமா நான் தக்கையோடவா சப்பரம் தூக்கியிருக்கேன்!" செலியா மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, புருசனின் ஷூவைப் பொறுக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "சிரிக்கிறவங்கல்லாம் ஒவ்வொருத்தரா கம்பத்துக்கு வாங்க, பார்ப்போம்" என்றாள். சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. ஊரில் அவன் ஒருவன்தான் எண்ணைக் கூட்டிச் சொன்னவன் என்று நினைக்காதீர்கள்.

சாக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்க்க, ஆர்லிந்தோ கம்பத்தில் நின்றான். மறுபடியும் எக்கத் தோன்றியது. குதிகாலைத் தரையில் அழுத்திக்கொண்டான்.

"நூத்தி அறுபத்து மூணு புள்ளி நாலு" என்றாள் டாக்டரம்மா. திரையில் தட்டினாள். "சரியாப்போச்சு. பையன் தொண்ணூறைத் தாண்டிட்டான். தொண்ணூத்தி ஒன்னு. மிஸ்டர், இவனை மேல் அணிக்கு மாத்துங்க!"

காஸ்பர் ஓடிவந்தான். சட்டையை மாற்றப் போனவன் பாதியில் நின்றான்.

"டாக்டரம்மா, அப்ப நான் முழுசா வளர்ந்தா எவ்ளோ இருப்பேன்?"

அவள் ஆர்லிந்தோவைப் பார்த்தாள், பிறகு பையனைப் பார்த்தாள். "கிட்டத்தட்ட ஒன்னு அறுபத்தாறு. கொஞ்சம் முன்னப்பின்ன."

"எண்பது இல்லையா?"

"இல்லப்பா."

ஆர்லிந்தோவுக்கு ஊர் சிரித்தது ஒன்றுமே இல்லையென்று ஆயிற்று. இதுதான் அடி. கதவு நிலையில் கறுத்துக் கிடக்கும் பென்சில் கோடுகள் கண்முன் வந்தன. மகனுக்கு அவன் கொடுத்து வைத்திருந்த பதினாலு சென்டிமீட்டரை, ஊர் பார்க்க, அவனே பிடுங்கிக்கொண்டான். "மன்னிச்சிருடா" என்றான். "மனுசனைச் சாணால அளக்கக் கூடாதுன்னு சொல்வாங்க..." என்று ஆரம்பித்தவனுக்கே வெறுப்பாக இருந்தது. அந்தப் பழமொழியை எவனும் உயரமானவனிடம் சொல்வதில்லை. ஆயுசு முழுக்க அவன் காதில் விழுந்து புளித்துப்போன பழமொழி அது.

காஸ்பர் அப்பாவின் கால் விரலைப் பார்த்தான்.

"அப்ப இனிமே வளர்றதுக்கு ஒன்னும் பெருசா பாக்கி இல்ல?"

"இல்லடா."

"அப்புறம் எதுக்கு நான் இவ்ளோ நாளா காத்துட்டிருக்கேன்?" என்று கேட்டான். பதிலுக்கு நிற்கவில்லை. சட்டையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டே மைதானத்துக்குள் ஓடினான்.

ஆட்டம் ஒன்றும் கதைகளில் வருவதுபோல் நடக்கவில்லை. எதிர் ஊரின் நாலாம் எண்காரன், கழுத்தே இல்லாத பயல், காஸ்பரை முதல் மோதலிலேயே விளம்பரப் பலகையோடு சேர்த்தான். எழுந்தான். மறுபடி விழுந்தான். பந்தைவிட அதிகமாகப் புல்லைத்தான் தொட்டான். இடைவேளையில் ஒன்றுக்குப் பூஜ்யம், நம் ஊர் பின்னால். ஆர்லிந்தோ சாக்ஸோடு கோட்டோரம் நின்றான். தக்கை இல்லாமல் அந்த ஷூ அவன் காலுக்கு இரண்டு அளவு பெரிது, போட்டால் கழன்று விழும்.

செஃபெரினோ பக்கத்தில் வந்து நின்றான். வாய் நிறைய சாமியின் கறி ரொட்டி.

"ஆகஸ்ட்ல என்ன பண்ணப்போற?"

"என்ன பண்றது? வேற ஆளைப் பாருங்க."

"வேற ஆளா! இடது பக்கம் எவன் வந்தாலும் பாட்டு பாடிக்கிட்டே வந்து உயிரை எடுப்பான். நீயாவது வாயை மூடிட்டுத் தூக்குவ." ரொட்டியை விழுங்கினான். "தக்கையைக் கால்ல வச்சாத்தானே ஏமாத்து? தோள்ல வைய்யி. கம்புக்கும் தோளுக்கும் நடுவுல. மாதாவுக்கு உயரம் சரியா இருந்தா சரி, எங்கேர்ந்து வந்துச்சுன்னா கேக்கப்போறா? ஒன்னை நாய் தின்னுடுச்சு, உன் பொண்டாட்டியைப் புதுசு வெட்டச் சொல்லு."

பதினைந்து வருடத்தில் அவன் பேசிய முதல் நல்ல வார்த்தை. ஆர்லிந்தோ பதில் சொல்வதற்குள் மைதானத்தில் சத்தம் எழுந்தது.

கடைசிப் பத்து நிமிடம். ஜூன் வெயில் தன் வேலையைக் காட்டிவிட்டிருந்தது. தாடிக்காரர்களும் மலைகளும் இடுப்பில் கை வைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நடந்தார்கள். ஈவோ கோல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். காஸ்பர் ஓடிக்கொண்டிருந்தான். பந்து போகிற இடமெல்லாம் போய் நின்றான். அவனைப் பலகையோடு சேர்த்த கழுத்தில்லாத பயல் பந்தை நிறுத்தி ஒரு மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தான். அந்த ஒரு மூச்சுதான். காலடியில் பந்து இல்லை. காஸ்பர் அதைக் கொண்டு ஓரமாகப் பறந்து, நடுவில் தள்ள, கம்பத்தை விட்டுவிட்டு எப்படியோ தவழ்ந்து வந்திருந்த ஈவோவின் முழங்காலில் பட்டு உள்ளே போயிற்று. ஒன்றுக்கு ஒன்று. பால்பல் அணி வேலி மேல் ஏறி, "மாமா! மாமா!" என்று கத்தியது.

ஆட்டம் முடிந்து மடக்கு நாற்காலி ஆள் எழுந்து வந்தார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டது. அவர் ஈவோவைத் தாண்டினார், மற்ற மலைகளையும் தாண்டினார்.

"இந்தப் பையனோட அப்பா யாரு?"

"நான்தாங்க" என்றான் ஆர்லிந்தோ, சாக்ஸ் காலோடு.

"கடைசிப் பத்து நிமிஷம் இருபத்தொரு பேரு நடந்தாங்க. ஒருத்தன் ஓடினான். திங்கக்கிழமை பயிற்சிக்கு அனுப்புங்க, ஒரு மாசம் வச்சுப் பார்க்கிறோம். அப்புறம் நிலைக்கிறதும் போறதும் அவன் கையில." தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ஆங், எங்க டாக்டர் முதல் கேள்வியா கேப்பாரு. அப்பா உயரம் எவ்வளவு?"

செஃபெரினோ மெல்லுவதை நிறுத்தினான். ஆர்லிந்தோவின் கை பழக்கதோஷத்தில் சட்டைப் பைக்குப் போய், அட்டையின் ஓரத்தைத் தொட்டு, அங்கேயே நின்றது.

காஸ்பர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அப்பாவின் தோளில் கையைப் போட்டான். அதற்கு அவன் எக்க வேண்டியிருக்கவில்லை.

"ஒன்னு அறுபத்து மூணு" என்றான் உடைந்த குரலில், ஊருக்கே கேட்கும்படி. "வெறுங்காலோட."

"புள்ளி நாலு" என்றான் ஆர்லிந்தோ.